மாட்டுக் கொட்டாயில் பறந்த ஆர்ட்டீன்கள்

ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் பூட்டிய அந்தக் கோடை உங்களுக்கும் நினைவிருக்கும். நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் யாரோ அந்த வருடத்துப் போட்டோவைப் போட்டதும், ஆளாளுக்கு முடி கொட்டுகிறது, முட்டி வலிக்கிறது என்று புலம்பித் தள்ளிவிட்டீர்கள். முப்பதைக்கூடத் தொடாதவர்களுக்கு இந்தக் கிழட்டுப் பேச்சு கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நானும் உங்கள் கட்சியில் சேர்ந்துவிட்டேன். அக்கா மகள், ஒன்றாம் வகுப்பு படிக்கிறவள், என் மடியில் உட்கார்ந்து போனில் ஏதோ விளையாடிக்கொண்டே, "சித்தி, உங்க காலத்துல கேமெல்லாம் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

உங்க காலத்துலயாம். அவள் விரலால் ஒரு தட்டு தட்டினால் திரை முழுக்கப் பொறி பறக்கிறது, பூ கொட்டுகிறது, பனி பெய்கிறது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நாங்கள் ஒரு துளிப் புகை வரவழைக்க ஒரு வரி முழுக்க இங்கிலீஷில் தட்டினோம். ஒரு எழுத்து தப்பினால் சிவப்பு நிறத்தில் திட்டு விழும். அந்தக் கதையை அவளிடம் சொல்ல முடியாது, அவள் அம்மா அதில் அழுகிறாள். உங்களுக்குச் சொல்லலாம். உங்களில் சிலர் எங்கள் பெரியப்பா தோப்பில் மாங்காய் திருடியவர்கள், உங்களுக்குச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்.

அக்கா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். அரசாங்கம் கொடுத்த லேப்டாப் அவளோடு வீட்டுக்கு வந்தது. இண்டூர் பக்கத்தில் எங்கள் ஊரில் அப்படி வந்த நாலைந்து லேப்டாப்புகளில் பாதி, கல்யாண வீடியோ பார்க்கும் பெட்டியாக மாறிவிட்டன. அக்கா அதை மஞ்சள் துணிப்பையில் சுற்றி, அதற்கு மேல் ஒரு துண்டைச் சுற்றி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். யாரும் தொடக்கூடாது. குறிப்பாக நான் தொடக்கூடாது.

நான் தொட்டேன். அக்கா தினமும் காலை பத்து மணிக்கு இண்டூருக்கு டைப்பிங் கிளாஸ் போவாள், பன்னிரண்டரைக்குத் திரும்புவாள். அந்த இரண்டரை மணி நேரம் என்னுடையது. கூட்டாளி பெரியப்பா மகள். எங்களுக்குள் இரண்டு மாதம்தான் வித்தியாசம். அவள் தர்மபுரியில் இங்கிலீஷ் மீடியம் படித்தாள், அதனால் வாசிக்கிற வேலை அவளுக்கு. நான் அக்கா வருகிறாளா என்று பார்க்கிற வேலையோடு, கட்டுகிற வேலையும் பார்த்தேன்.

கட்டுகிற வேலை என்றால், ஊர் கட்டுவது. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பெங்களூரில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பொங்கலுக்கு வந்தபோது பாட்டு கேட்க ஒரு பென்டிரைவ் கொடுத்துவிட்டுப் போனார். சிவப்பு நிறம், மூடி தொலைந்து போய், ஊக்கு மாட்டியிருக்கும். பாட்டுகளுக்கு நடுவில் ஒரு விளையாட்டும் இருந்தது. அவருடைய ரூமில் தங்கியிருந்த ஒருத்தர் போட்டு வைத்தது. அதில் ஜெயிப்பது தோற்பது எதுவும் கிடையாது. மண், கல், மரம், தண்ணீர் எல்லாமே சதுரக் கட்டைகள். உடைக்கலாம், அடுக்கலாம், எதை வேண்டுமானாலும் கட்டலாம். எங்களுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, எங்கள் ஊரையே கட்டினோம். ஏரி, ஏரிக்கரைப் புளியமரம், முனியப்பன் கோயில், பால் சொசைட்டி, எங்கள் வீடு, பெரியப்பா வீடு, இரண்டுக்கும் நடுவில் மாட்டுக் கொட்டாய். முனியப்பனுக்குத் தலை வைக்கப் பூசணிக்காய்தான் கிடைத்தது. வைப்பதற்கு முன் இரண்டு பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்.

ஊர் அச்சாக எங்கள் ஊர்தான். ஆனால் அசையவில்லை. காலண்டர் படம் மாதிரி கிடந்தது. ஒரு வாரத்தில் எனக்குச் சலித்துவிட்டது.

அப்போதுதான் பெரியப்பா மகள் தன் புவியியல் நோட்டோடு வந்தாள். கடைசிப் பக்கத்தில் நெருக்கி நெருக்கி நாற்பது வார்த்தைகள். அவள் பள்ளிக் கம்ப்யூட்டர் ரூமில் ஒரு பெரிய வகுப்புப் பெண் எழுதிக் கொடுத்ததாம். ஒரு கோடு சாய்த்துப் போட்டு, அந்த வார்த்தைகளில் ஒன்றை எழுதி, இடத்தைக் குறிக்கும் எண்களையும், எத்தனை வேண்டும் என்ற எண்ணையும் தட்டினால், காற்றில் அது பொடிப் பொடியாகத் தூவும் என்றாள். நான் நம்பவில்லை. முதலில் புகை என்று இருந்ததைத் தட்டினாள். எங்கள் வீட்டுக் கூரைக்கு மேல் சாம்பல் நிறத்தில் நாலு துணுக்கு எழும்பி, மெல்ல மேலே போய், கரைந்தது.

அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் தெரியவில்லை. வீட்டில் காஸ் அடுப்பு இருந்தாலும் அப்பாவுக்குக் களி விறகடுப்பில்தான் கிண்ட வேண்டும், இல்லாவிட்டால் தொண்டையில் இறங்காது. அதனால் பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுக் கூரையில் மட்டும் புகை வரும். அந்த நேரத்தில் அம்மா அடுப்படியில் நிஜமாகவே களி கிண்டிக்கொண்டிருந்தாள், புளியவிறகு வாசனை உள்ளே வந்தது, திரையிலும் எங்கள் வீடு புகைந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் கட்டிலில் குதித்த குதியில் லேப்டாப் கீழே விழப் பார்த்தது.

அதற்கு நாங்கள் வைத்த பெயர் பொடி. தினமும் நாலு வார்த்தையைப் பரிசோதித்துப் பார்ப்போம். ஒன்று ஊதா நிறத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒன்று பச்சையாக மினுக்கும். ஒன்று இசைக்குறி மாதிரி பாட்டு எழுத்துகளாகத் துள்ளும். ஒன்று எரிகிற டயர் மாதிரி கருப்பாகக் கக்கும். தண்ணீர்ப் பொடி கிடைத்த நாளில் ஏரிக்கு மேல் மழை பெய்யவிட்டோம். நிஜ ஏரியில் அப்போது இரண்டு வருடமாகத் தண்ணீர் இல்லை. நீங்கள் எல்லாம் அங்கேதான் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தீர்கள். எங்கள் ஏரியில் மட்டும் விடாமல் பெய்தது, பார்த்துக்கொண்டே இருந்தால் கை காலெல்லாம் குளிர்ந்த மாதிரி இருக்கும்.

நாம் தட்டினால்தான் பொடி வரும், ஒரு முறை தூவி நின்றுவிடும். அதற்கும் பெரியப்பா மகள் வழி கொண்டுவந்தாள். ஒரு பெட்டி உண்டு. அதற்குள் அந்த வரியை எழுதிவைத்துவிட்டால் பெட்டி தானாகவே தூவிக்கொண்டிருக்கும், நாம் சாப்பிடப் போனாலும் நிற்காது. அதன் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. வீட்டுக்கு வீடு, ஆளுக்கேற்ற பொடி போடுவது என்று முடிவு செய்தோம். பெரியப்பா வீட்டுக்கு மேல், கோபம் வந்தால் இடிகிற மாதிரி ஒரு கருமேகப் பொடி. அதைப் போட்டது அவர் பெற்ற மகள், நான் இல்லை. எப்போதும் பாடிக்கொண்டே போகும் பால் சொசைட்டிக்காரருக்குப் பாட்டு எழுத்து. அம்மாவுக்குப் புகை. அக்காவுக்கு, அவள் தேய்த்துத் தேய்த்து வைக்கும் எவர்சில்வர் டம்ளர்களுக்காக, வெள்ளை மினுக்கு.

ஒரு நாள் எண்ணில் சுழியம் போடும்போது பெரியப்பா மகளின் விரல் ஒட்டிக்கொண்டுவிட்டது. வரி நீளத்துக்குச் சுழியம். லேப்டாப் அப்படியே உறைந்தது. உள்ளே காற்றாடி மாவு மில் மாதிரி கத்தியது, அடிப்பக்கம் தோசைக்கல்லாகக் கொதித்தது. நான் யோசிக்காமல் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருந்த ஈர மணலில் வைத்தேன். காய்ச்சலுக்கு ஈரத்துணி போடுகிற அறிவு அவ்வளவுதான். அது பிழைத்துக்கொண்டது. மறுநாள் பொத்தான்களுக்கு இடையில் மணல் இருப்பதைக் கண்டுபிடித்த அக்காவிடம் எறும்பு கொண்டுவந்திருக்கும் என்றேன். அக்கா என்னை ரொம்ப நேரம் பார்த்தாள்.

எல்லோருக்கும் பொடி போட்டாயிற்று, அப்பாவுக்கு மட்டும் எதுவும் பொருந்தவில்லை. அப்பா அதிகம் பேசமாட்டார், கத்தமாட்டார், சிரிக்கமாட்டார். இரண்டு நாள் யோசித்தோம். பெரியப்பா மகள்தான் கண்டுபிடித்தாள். "ஏ புள்ள, உங்கப்பா கொட்டாயில நிக்கும்போது பாத்திருக்கியா?" என்றாள். பார்த்திருக்கிறேன். மூன்று மாடுகளுக்கு நடுவில் நிற்கும்போது மட்டும் அவருக்கு வேறு முகம் வரும். கருப்பியின் தாடையைத் தடவிக்கொண்டு, எங்களிடம் ஒரு வருடத்தில் பேசாததை அதனிடம் பேசுவார்.

அந்த விளையாட்டில் இரண்டு மாட்டுக்குக் கோதுமை கொடுத்தால் இரண்டுக்கும் மேலே, சினிமா போஸ்டரில் காதலுக்குப் போடுகிற மாதிரி சிவப்பாக ஆர்ட்டீன் பறக்கும், கொஞ்ச நேரத்தில் கன்று நிற்கும். ஊசி போட டாக்டர் வரவேண்டியதில்லை. அந்த ஆர்ட்டீனும் நோட்டில் இருந்தது. கொட்டாய்க்குள் மூன்று மாடு விட்டோம். நடுவில் சட்டை மாட்டுகிற கட்டை ஒன்றை நிறுத்தி, வெள்ளைச் சட்டை போட்டு, பூசணித் தலை வைத்து, அதுதான் அப்பா என்றோம். வைக்கோலுக்கு அடியில் பெட்டியை ஒளித்தோம். அப்பாவின் தலைக்கு மேல் ஆர்ட்டீன்கள் எழும்ப ஆரம்பித்தன. நிற்கவே இல்லை.

அது ஒரு திங்கட்கிழமை. திடீரென்று வெளியே கோடைக் காற்று சுழற்றி அடித்தது. காற்றடித்தால் பெரியப்பா தோப்பில் செந்தூரா மாம்பழம் கொட்டும். உங்களைப் போன்ற களவாணிகள் வருவதற்குள் பொறுக்க வேண்டும். லேப்டாப்பைக் கட்டிலில் அப்படியே திறந்து போட்டுவிட்டு ஓடினோம்.

நாங்கள் அந்தப் பக்கம் போக, பெரியப்பா இந்தப் பக்கம் மருந்தடிக்கிற டேங்க்கைக் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். வீட்டில் யாரும் இல்லை. கட்டிலில் திரை மினுங்குகிறது. நாங்கள் பூசணித் தலைக்கு மிக அருகில் நின்றபடி விட்டுப் போனதால், திரையில் மாடும் இல்லை, கொட்டாயும் இல்லை. ஏதோ ஆரஞ்சு நிறச் சுவர், அதற்கு முன்னால் நிற்காமல் மேலே பறக்கும் சிவப்பு ஆர்ட்டீன்கள். கீழே இடது ஓரத்தில் ஒரு பெயர். மாமாவின் ரூம்காரர் விளையாட்டில் தன் பெயரைக் கொடுத்து வைத்திருந்தார், அதை மாற்ற எங்களுக்குத் தெரியவில்லை. நாங்கள் தட்டிய வரிகளோடு எல்லாம் அந்தப் பெயரும் வரும். உர மூட்டையிலும் பஸ் போர்டிலும் இங்கிலீஷ் படித்துப் பழகிய பெரியப்பா அதை எழுத்துக்கூட்டினார். ஆண் பெயர். அதிலும் கன்னடத்துப் பெயர், அக்காவின் லேப்டாப்பில். நேராக அப்பாவிடம் போய்விட்டார்.

மடி நிறைய மாம்பழத்தோடு நாங்கள் திரும்பியபோது கட்டிலில் லேப்டாப் இல்லை.

அப்பா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் லேப்டாப்பை மடக்கி பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தார். மேல் தட்டில் அக்காவின் காலேஜ் விண்ணப்பம் இருந்தது, அப்பா கையெழுத்துக்காகக் காத்துக்கொண்டு. அதையும் சேர்த்துப் பூட்டி, சாவியை இடுப்புக் கயிற்றில் கோர்த்துக்கொண்டார். டைப்பிங் முடிந்து வந்த அக்காவிடம் நாளையிலிருந்து போக வேண்டாம் என்று மட்டும் சொன்னார். ஏன் என்று அக்கா கேட்டாள். அம்மா, அப்பா சொன்னால் கேட்டுக்கொள் என்றாள்.

அந்த விண்ணப்பம் என்னவென்று சொல்ல வேண்டும். சேலத்தில் பெண்கள் கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ், ஹாஸ்டல். எங்கள் இரண்டு வீட்டிலும் பன்னிரண்டைத் தாண்டிப் படிக்கப்போகிற முதல் பெண் அக்கா. வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்று விட்டால் அந்த வருடம் போயிற்று. எங்கள் ஊரில் ஒரு வருடம் வீட்டில் உட்காரும் பெண்ணுக்கு அடுத்த வருடம் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அடுத்த வருடம் வரைகூட காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமையே அம்மா பெங்களூருக்குப் போன் போட்டுவிட்டாள். தன் தம்பிக்கே அக்காவைக் கொடுத்துவிடலாம், முறை இருக்கிறது, வெளியே தெரியாமல் முடிந்துவிடும் என்பது அம்மாவின் கணக்கு. இந்த ரகளைக்கெல்லாம் மூலமான பென்டிரைவைக் கொண்டுவந்தவரையே மாப்பிள்ளை ஆக்கப் பார்த்தார்கள். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பெரியப்பா ஒன்றும் கெட்டவர் இல்லை. அவர் மாமியார் ஊரில் போன வருடம் ஒரு பெண் யாரோடோ போய்விட்டாள், அந்த வீட்டில் ஆறு மாதம் யாரும் வெளியே தலைகாட்டவில்லை. அதை நேரில் பார்த்துவிட்டு வந்தவர். அவர் பயந்தார், பயத்தைத் தம்பி காதில் ஊற்றினார். இது புரிய எனக்குப் பத்து வருடம் ஆயிற்று. அன்றைக்கு அவர் வீட்டுக்கு மேல் நாங்கள் போட்ட மேகம் பத்தாது என்றுதான் நினைத்தேன்.

அக்கா பாத்திரம் தேய்த்தாள். தேய்த்ததையே எடுத்து மறுபடி தேய்த்தாள். ஒரு தடவை நான் பின்னால் போய் நின்றபோது தோள் குலுங்கிக்கொண்டிருந்தது, முகத்தைத் திருப்பவில்லை. தான் என்ன தப்புச் செய்தோம் என்றே அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொன்னால் தன் அப்பா காலை ஒடிப்பார் என்று பெரியப்பா மகள் கெஞ்சினாள். அக்காவின் லேப்டாப்பை ஒரு மாதமாகத் திருடித் தொட்டிருக்கிறோம் என்பதும் வெளியே வரும். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த மோசமான காரியம் எது என்று கேட்டால் அந்த இரண்டு நாள் என்றுதான் சொல்வேன்.

புதன்கிழமை அம்மாவிடம் போய், அந்த ஆர்ட்டீன் மாட்டுக்குப் போட்டதம்மா என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அக்காவுக்கு வக்காலத்து வாங்க வந்துவிட்டாயா, இந்த வயதில் பொய்யைப் பார் என்று முதுகில் ஒன்று வைத்தாள். உண்மையைச் சொன்னதற்கு வாங்கிய அடி என்பதால் அது நன்றாக வலித்தது.

வியாழக்கிழமை காலை அப்பா கருப்பியிடம் பால் கறந்துகொண்டிருந்தார். நான் கொட்டாய்க்குப் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பால் குண்டானில் விழுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். பென்டிரைவ், ஊர், பொடி, பெட்டி, ஈர மணல், எல்லாம். நடுவில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னதில் எவ்வளவு அவருக்குப் புரிந்தது என்று தெரியாது. அவர் கறப்பதை நிறுத்தவில்லை. முழுக்கக் கறந்து முடித்து, குண்டானை ஓரமாக வைத்துவிட்டு, "கரண்டு எப்ப வரும்?" என்று கேட்டார்.

பத்தரைக்கு வந்தது. அதற்குள் பெங்களூரிலிருந்து மாமாவும் வந்து இறங்கிவிட்டார், எதற்குக் கூப்பிட்டார்கள் என்று தெரியாமல் கையில் ஒரு பெட்டி மைசூர் பாக்கோடு. பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். அப்பா பீரோவைத் திறந்து லேப்டாப்பை மட்டும் எடுத்து, மறுபடி பூட்டிச் சாவியைக் கயிற்றில் முடிந்துகொண்டு, லேப்டாப்பைக் கட்டிலில் வைத்தார். அக்கா சமையலறை வாசலில் நின்றாள். பெரியப்பா மகள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

விளையாட்டு திறந்தது. பூசணி, ஆர்ட்டீன், அந்தப் பெயர். "பாரு, பாரு, நாஞ் சொன்னேன்ல, ஆர்ட்டீனு ஆர்ட்டீனா பறக்குது பாரு" என்றார் பெரியப்பா. மாமா எட்டிப் பார்த்தார். அந்தப் பெயரைப் படித்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், வெகு நேரம் சிரித்தார். தன் ரூமில் சமையல் பொறுப்பைப் பார்ப்பவர் என்றார். வயது நாற்பது, இரண்டு பிள்ளைகள், ஊரில் பெண்டாட்டி இருக்கிறாள், இவருக்கு இந்த விளையாட்டுப் பைத்தியம் மட்டும்தான் என்றார். வேண்டுமானால் போன் போட்டுத் தருகிறேன், பேசுகிறீர்களா என்று பெரியப்பாவைக் கேட்டார். பெரியப்பா வேண்டாம் என்றார்.

நான் பொத்தானை அழுத்திப் பின்னால் நகர்ந்தேன். பூசணி சின்னதாகி, வெள்ளைச் சட்டை தெரிந்து, மாடுகள் தெரிந்து, வைக்கோல் தெரிந்து, கொட்டாய் முழுசாகத் தெரிந்தது. இன்னும் பின்னால் போக, எங்கள் வீட்டுப் புகை, ஏரி மழை, கோயில், புளியமரம் எல்லாம் வந்தன. பெரியம்மா தன் வீட்டுக்கு மேல் இருந்த கருமேகத்தைப் பார்த்து, அது என்ன என்று கேட்டாள். அது மழை மேகம் என்று அவள் மகள் கூசாமல் சொன்னாள்.

அப்பா குனிந்து பார்த்தார். "இது நம்ம கொட்டாயா?"

"ஆமாப்பா."

"மூணும் ஒரே நெறமா இருக்குது. கருப்பி எங்க?"

அந்த விளையாட்டில் கருப்பு மாடு கிடைக்காது என்றேன். அவருக்கு அது பெரிய குறையாகத் தெரிந்தது. பிறகு பூசணித் தலையைக் காட்டி, இது யார் என்றார்.

"நீங்கதாம்ப்பா. மாட்டுகிட்ட நிக்கையில உங்க மூஞ்சி அப்படித்தான் இருக்கும். அதுக்குத்தான் அந்த ஆர்ட்டீனு."

ஆர்ட்டீன்கள் அவர் தலையிலிருந்து எழும்பிக்கொண்டே இருந்தன. அப்பா கழுத்துத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், வியர்வையைத் துடைப்பதுபோல. பெரியப்பா மகள் பயந்துபோய், நிறுத்திவிடட்டுமா சித்தப்பா என்று கேட்டாள். "வுடு, இருக்கட்டும்" என்றார்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தேன். மாமா மைசூர் பாக் பெட்டியைப் பிரிக்கக்கூடச் செய்தார். அப்போதுதான் வாசலில் நின்ற அக்கா உள்ளே வந்தாள். லேப்டாப்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. அப்பா எதிரில் போய் நின்றாள். அவள் குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்லை, மெதுவாக, ஆனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"நாலு நாளா இந்த வூட்டுல எல்லாரும் என்னப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்திருக்கீங்க. எங்கிட்ட ஒருத்தராவது ஒரு வார்த்த கேட்டீங்களாப்பா?"

அம்மா முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா மருந்து டேங்க்கை எடுக்க வந்தவர் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்தார். அக்கா அழவில்லை, நான்தான் அழுதேன். அவள் கேட்டதன் கனம் அன்றைக்கு எனக்கு முழுசாகத் தெரியாது. ஆர்ட்டீன் மாட்டுக்குப் போட்டது என்று நிரூபித்ததால் அக்கா தப்பித்தாள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது அவளுக்கே போட்டதாக இருந்தாலும் முதலில் அவளிடம்தானே கேட்டிருக்க வேண்டும்.

அப்பா இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்க்க முயன்றார். முடிச்சு இறுகியிருந்தது, மாமா உதவப் போனார், வேண்டாம் என்றார். கடைசியில் கயிற்றையே அறுத்து, பீரோவைத் திறந்து, விண்ணப்பத்தை எடுத்து அக்காவிடமே கொடுத்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டச் சொன்னார். தன் பெயரை எப்போதும்போல மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். மறுநாள் முதல் பஸ்ஸில் அப்பாவும் அக்காவும் சேலம் போனார்கள். மாமா அன்றே பெங்களூருக்கு ஓடிவிட்டார், போகும்போது அந்தப் பென்டிரைவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஜூன் மாதம் அக்காவை ஹாஸ்டலில் சேர்க்க நானும் போனேன். தகரப் பெட்டி, பக்கெட், ஊறுகாய் பாட்டில், தலையணை, இத்தனையும் அப்பா ஒருத்தரே சுமந்தார், யாரிடமும் கொடுக்கவில்லை. வார்டன் அறை சிமெண்ட் வாசனையோடு குளுகுளு என்றிருந்தது. அங்கே கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், ஒரு அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு அப்பாவிடம் விதிகளைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கலாம், அட்டையில் பெயர் இருக்கிறவர்களை மட்டும்தான் உள்ளே விடுவோம், போனும் அவர்களிடமிருந்து வந்தால்தான் கூப்பிடுவோம். எங்களுக்கு முன்னால் இருந்த அப்பாக்கள் எல்லோரும் தங்கள் பெயரையும் மனைவி பெயரையும் சொல்லிவிட்டு, வேறு யாரையும் விடாதீர்கள் என்று இரண்டு தரம் அழுத்திச் சொல்லிவிட்டுப் போனதை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வார்டன் பேனாவைத் திறந்து, "சொல்லுங்க. உங்க பொண்ணப் பாக்க யார் யார விடலாம்?" என்றார்.

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அத அவளக் கேட்டு எழுதிக்குங்க மேடம்."

வார்டன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அப்படியெல்லாம் வழக்கமில்லை, அப்பாதான் சொல்ல வேண்டும் என்றார். அப்பா அசையவில்லை. நாங்கள் வெளியே நிற்கிறோம் என்று சொல்லி என்னையும் கூட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டார். அங்கே தூணில் சாய்ந்து, மைதானத்தில் மேய்ந்துகொண்டிருந்த யாருடைய மாட்டையோ பார்த்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அக்கா அட்டையோடு வெளியே வந்தாள், கண்ணெல்லாம் சிவந்து, வாயெல்லாம் சிரிப்பாக. நான் பிடுங்கிப் பார்த்தேன். அப்பா, அம்மா, நான், பெரியப்பா மகள் என்று வரிசையாக எழுதி, கடைசியில் பெரியப்பாவின் பெயரையும் எழுதியிருந்தாள்.